இன்டர்வியூ என்ற சொல்லை மெயிலில் தப்பில்லாமல் எழுதுவது எப்படி?

சென்னையில் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்டன்ட் வேலைக்காக இன்டர்வியூ போய்விட்டு வந்தேன். ஒரு வாரமாகியும் பதில் இல்லை. சரி, நாமே கேட்போம் என்று மெயில் போட்டேன்: "ஐ டுக் தி இன்டர்வியூ லாஸ்ட் டியூஸ்டே. கைண்ட்லி இன்ஃபார்ம் தி ரிசல்ட்." மறுநாள் ஹெச்ஆர் மேடத்திடமிருந்து மரியாதையாக ஒரு வரி வந்தது. எந்த கேண்டிடேட்டின் ரிசல்ட் வேண்டும், பெயரை அனுப்புங்கள் சார் என்று.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கேள்வி கேட்ட பேனலில் நானும் ஒரு ஆள் என்று அந்த மேடம் நினைத்துவிட்டார்.

ரெஸ்யூமே எப்படிப் போடுவது, மெயில் எப்படி அனுப்புவது என்பதெல்லாம் இங்கே இல்லை. இந்த ஒரே ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் பார்ப்போம்.

படி 1: பேட்டியா, தேர்வா?

தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. நடிகர் டிவிக்குக் கொடுப்பது பேட்டி. நாம் வேலைக்குப் போய் உட்காருவது நேர்முகத் தேர்வு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், இன்டர்வியூ. அதனால் எந்த அர்த்தம் என்பதைப் பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்லும் 'ஃபார்', 'வித்', 'அட்' மாதிரி சின்னச் சொற்களும்தான் சொல்லவேண்டும். நாம் கோட்டைவிடுவதும் அங்கேதான். எழுதும் முன் மனசுக்குள் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள், பேட்டியா தேர்வா என்று. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

(நேர்காணல் என்று சொல்லிப் பார்த்தால் பிரயோஜனமில்லை. அது இரண்டு பக்கமும் போகும். சிற்றிதழில் எழுத்தாளரிடம் எடுப்பதும் நேர்காணல், தேர்தல் சமயத்தில் விருப்ப மனு கொடுத்தவர்களைக் கட்சி கூப்பிட்டு விசாரிப்பதும் நேர்காணல். ஆனால் மூலத்துக்கு ரொம்ப நெருக்கமான சொல் அதுதான். இன்டர்வியூ பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது என்பதுதான் அங்கே அடிப்படை அர்த்தம்.)

படி 2: வினைச்சொல்

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

'டேக் அன் எக்ஸாம்' என்றால் பரீட்சை எழுதுவது. எழுதுகிறவன் மாணவன். அதே கணக்கில் 'டேக் அன் இன்டர்வியூ' என்று நான் போட்டேன். ஆனால் நம் ஊர் ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம் தலைகீழ். "மேனேஜர்தான் இன்டர்வியூ எடுத்தார்" என்கிறோம் இல்லையா, அந்த 'எடுத்தார்' அப்படியே 'டுக்' ஆகிவிட்டது. ஆக இந்தியாவில் படிப்பவருக்கு நீங்கள் கேள்வி கேட்ட ஆள். வெளிநாட்டில் படிப்பவருக்கு அது பழக்கமில்லாத பிரயோகம்.

'கிவ்' என்று மாற்றினால் சரியாகுமா? ஆகாது. "ஐ கேவ் அன் இன்டர்வியூ" என்றால் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தேன் என்றுதான் வெளியூர்க்காரர் படிப்பார். இந்தப் பழக்கம் நம்மிடம் பெரும்பாலும் பெங்களூரு, டெல்லி நண்பர்கள் வழியாக வருவது. இந்தியில் இன்டர்வியூவைக் 'கொடுப்பது' கேண்டிடேட், 'எடுப்பது' கம்பெனி. ஆபீஸ் அரட்டையில் இது ஓடும். மெயிலில் வேண்டாம்.

கேண்டிடேட்டாகிய நீங்கள் எழுதவேண்டியது: 'ஹேட் அன் இன்டர்வியூ', 'அட்டெண்டட் அன் இன்டர்வியூ', 'வென்ட் ஃபார் அன் இன்டர்வியூ'. கம்பெனி செய்வதைச் சொல்ல: 'கண்டக்டட்' அல்லது 'ஹெல்ட்'. என்னைக் கேட்டால் 'அட்டெண்டட்' போதும். ஏற்கெனவே "அட்டெண்ட் பண்ணேன்" என்றுதானே பேசுகிறோம், கை தானாக வரும்.

படி 3: சின்னச் சொற்கள்

வேலைக்கு 'ஃபார்', இடத்துக்கு 'அட்', தேதிக்கும் கிழமைக்கும் 'ஆன்'. "ஐ அட்டெண்டட் அன் இன்டர்வியூ ஃபார் தி போஸ்ட் ஆஃப் அக்கவுண்டன்ட் அட் யுவர் கிண்டி ஆபீஸ் ஆன் டியூஸ்டே." மாசத்தை மட்டும் சொன்னால் 'இன்'.

வம்பு பிடித்தது 'வித்'. "அன் இன்டர்வியூ வித் தி ஆக்டர்" என்றால் நடிகர் பதில் சொல்கிறவர். "மை இன்டர்வியூ வித் தி மேனேஜர்" என்று வேலை மெயிலில் எழுதினால் மேனேஜர் கேள்வி கேட்கிறவர். ஒரே 'வித்', ஆனால் ஆள் இடம் மாறிவிடுகிறார். 'வித்' தப்பே இல்லை. தனியாக விட்டால்தான் சிக்கல். கூடவே 'ஃபார் தி போஸ்ட் ஆஃப்' என்று வேலையையும் சேர்த்துவிடுங்கள், பேட்டி என்ற அர்த்தம் வர வழியே இல்லை.

படி 4: 'அன்', 'தி', எழுத்து

எண்ணக்கூடிய பெயர்ச்சொல். உயிர் ஒலியில் ஆரம்பிப்பதால் 'அன்'. முதல் தடவை 'அன்', அதே இன்டர்வியூவை மறுபடி சொல்லும்போது 'தி'. "ஐ அட்டெண்டட் இன்டர்வியூ" என்று மொட்டையாக விடாதீர்கள்.

ஸ்பெல்லிங்கில் 'வியூ' பகுதியில் ஐ முதலில், ஈ அடுத்து. அவசரத்தில் மாறிவிடும். வாக்கியத்தின் நடுவில் கேப்பிட்டல் வேண்டாம். 'வாக்-இன்' என்பதற்கு நடுவில் கோடு உண்டு.

எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஆங்கிலத்தைத் திருத்தித் தரும் கிராமர்லி ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். 'அன்' விட்டுப்போனால் கோடு போடும், சரி. "ஐ கேவ் அன் இன்டர்வியூ" இலக்கணப்படி சுத்தமான வாக்கியம். நீங்கள் நடிகரா கேண்டிடேட்டா என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்தது லாங்மன் அகராதியின் இணையப் பதிப்பு. இன்டர்வியூ என்று தேடினால் எந்த வினையோடு சேரும் என்று உதாரணத்தோடு காட்டும். காசும் வேண்டாம். ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது. அது அர்த்தத்தைச் சொல்லும், பக்கத்தில் யார் உட்காரவேண்டும் என்று சொல்லாது.

பின்சேர்க்கை 1: "அரசு அறிவிப்பிலேயே 'கால்டு ஃபார் இன்டர்வியூ' என்று 'அன்' இல்லாமல்தானே போடுகிறார்கள், அது தப்பா?" என்று ஒரு தம்பி கமெண்டில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் விட்டுவிட்டேன். தப்பில்லை. 'கால்டு ஃபார்', 'இன்வைட்டட் ஃபார்', 'செலக்டட் ஃபார்' இவற்றுக்குப் பின்னால் அது ஒரு கட்டத்தின் பெயர் மாதிரி நிற்கும். பிரிட்டிஷ் வேலை விளம்பரங்களிலும் அப்படி வரும். 'அட்டெண்டட்', 'ஹேட்' மாதிரி வினைக்குப் பின்னால் வந்தால் 'அன்' கட்டாயம். சந்தேகம் இருந்தால் எல்லா இடத்திலும் போட்டுவிடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அதே தம்பி சிவில் சர்வீஸுக்குப் படிக்கிறாராம். அங்கே யுபிஎஸ்சி வைத்திருக்கும் பெயர் 'பெர்சனாலிட்டி டெஸ்ட்', 275 மார்க். பேச்சில் எல்லாரும் இன்டர்வியூ என்பார்கள், விண்ணப்பத்திலோ கடிதத்திலோ குறிப்பிடும்போது அவர்கள் வைத்த பெயரையே எழுதுங்கள். இன்னொன்று: மத்திய அரசில் கெசட்டட் அல்லாத குரூப் பி பதவிகளுக்கும் குரூப் சி பதவிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. அந்த வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு "வெயிட்டிங் ஃபார் தி இன்டர்வியூ" என்று மெயில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2: ஜூமில் நடந்தால் 'அட்' போடலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். ஜூமுக்கு 'ஆன்' அல்லது 'ஓவர்'. கம்பெனிப் பெயருக்கு அப்போது 'வித்' போடுங்கள், நீங்கள் அங்கே நேரில் போகவில்லையே. போனில் என்றால் 'அ டெலிபோன் இன்டர்வியூ', இங்கே 'டெ' மெய்யொலி என்பதால் 'அன்' கிடையாது. இதை நானே போன மாசம் தப்பாக எழுதி, அனுப்பின பிறகுதான் பார்த்தேன்.