நள்ளிரவில் பெங்களூரில் இறங்குகிறீர்களா? கார் சாவியைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்

வெளிநாட்டிலிருந்து பெங்களூருக்குக் குடிவரும் தமிழர்களில் பலர் விமான டிக்கெட் எடுக்கும்போதே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கினால் இரண்டரைக்குள் பெட்டிகளோடு வெளியே வந்துவிடலாம். வாடகைக் காருக்கு முன்பதிவு ஆகிவிட்டது. அந்த நேரத்தில் ஊருக்குள் நெரிசல் இருக்காது. விடிவதற்குள் கிருஷ்ணகிரி, காலைப் பலகாரத்துக்குச் சேலத்தில் மாமியார் வீடு. கணக்கு சரிதான், வண்டி ஓட்டப்போகிறவரின் உடம்பைத்தான் யாரும் அதில் சேர்க்கவில்லை.

இறங்கும் இரவும் வண்டி ஓட்டும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும். கார் வாடகை ஒரு நாள் மிச்சம், ஓட்டல் அறை ஒரு நாள் செலவு. இரண்டையும் கழித்துப் பார்த்தால் கையை விட்டுப் போவது பெரிய தொகையாக இருக்காது.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் செயல்திறனுக்குச் சமமாக இறங்கிவிடுகிறது என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டு குடிக்காதவரும் தூக்கமின்மையால் அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். குடித்தவர் கதை வேறு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் சிங்கப்பூரிலும் 80 மில்லிகிராம் வரை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் விமானத்தில் கொடுத்த ஒயினை இரண்டு கோப்பை வாங்கியவர் இங்கே போலீஸ் கருவியில் ஊதினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தூக்கம் வரும் நேரமும் மாறும். கலிபோர்னியாவிலிருந்து வருகிறவருக்குப் பெங்களூரின் நள்ளிரவு என்பது பட்டப்பகல்; கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இறங்கியதும் கண் பளிச்சென்று இருக்கும். “எனக்குத் தூக்கமே வரவில்லை, இப்போதே கிளம்பிவிடலாம்” என்று சொல்பவர்கள் இவர்கள்தான். நமக்குப் பகல் ஒரு மணி ஆகும்போது அவர்கள் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. நெடுஞ்சாலையில், வெயிலில், ஏசி காற்றில், பின் இருக்கையில் எல்லோரும் தூங்கும்போது ஓட்டுபவருக்கும் கண் சொக்கும். லண்டனிலிருந்து வருகிறவருக்கு இது நேர்மாறு. ஒரு மணிக்கு இறங்கும்போது அவருக்கு மாலைதான். விடியற்காலை நான்கு, ஐந்துக்குத்தான் கண் இழுக்கும். சிங்கப்பூரிலிருந்து இரவு பதினொன்றுக்கு வந்து சேர்கிறவருக்கு அங்கே ஏற்கெனவே ஒன்றரை மணி. துபாய்க்காரருக்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், ஒரு இரவு தூங்கினால் போதும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர் இரண்டு இரவுகளாவது பெங்களூரில் தங்கிவிட்டு, காலையில் கிளம்பி மதியத்துக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்வது நல்லது.

சாலையின் எந்தப் பக்கம் என்பது அடுத்த சிக்கல். அமெரிக்கா, கனடா, வளைகுடா, ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் வலப்பக்கம் ஓட்டும் நாடுகள். நெரிசலில் இடப்பக்கம் ஓட்டுவதில் சிரமமே இல்லை, முன்னால் போகும் வண்டியைப் பின்தொடர்ந்தால் சரியாகிவிடும். வெறிச்சோடிய சாலைதான் ஆபத்து. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வருகிறீர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டியும் இல்லை. கை தன் பழைய வழக்கப்படி திருப்பிவிடும். இண்டிகேட்டரும் அப்படித்தான். இங்கே ஓடும் மாருதி, ஹூண்டாய் கார்களில் அது ஸ்டீயரிங்கின் வலப்பக்கம். இடப்பக்கத்துக் கம்பியைத் தட்டினால் வைப்பர் ஓடும். மழையில்லாத இரவில் கண்ணாடி முழுக்க வறண்ட வைப்பர் கீறிக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்தால், ஓட்டுபவர் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர் என்று இந்த ஊர் டாக்சிக்காரர்கள் புரிந்துகொண்டு சற்று ஒதுங்கிப் போகிறார்கள்!

சரி, அந்த இரவை எப்படிக் கழிப்பது? 2023 செப்டம்பரிலிருந்து சர்வதேச விமானங்கள் இரண்டாம் முனையத்தில் வந்து இறங்குகின்றன. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் குடியேற்றச் சோதனைக்குத் தானியங்கி வாயிலைப் பயன்படுத்தலாம். 2025 ஜனவரியில் பெங்களூருக்கும் அந்த வசதி வந்துவிட்டது. வெளியே வந்தால் பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் (பிஎம்டிசி) வாயு வஜ்ரா பஸ்கள் இரவிலும் ஓடுகின்றன. கேஐஏஎஸ்-9 தட பஸ் நகர மையத்திலுள்ள மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை, கேஐஏஎஸ்-8 எலக்ட்ரானிக் சிட்டி வரை. பெட்டி வைக்க உள்ளேயே இடமுண்டு, இரவில் மட்டும் இடைவெளி கொஞ்சம் கூடும். குழந்தைகளோடு வருபவர்கள் டாக்சியே பிடித்துக்கொள்ளலாம். விமான நிலைய வளாகத்திலேயே தாஜ் ஓட்டல் இருக்கிறது, வாடகை கடிக்கும். எலஹங்கா பக்கம் வந்தால் சுமாரான விலையில் நல்ல அறைகள் உண்டு.

காரைத் தெற்கே, ஓசூர் சாலைப் பக்கம் வாங்கிக்கொள்வதுதான் என் விருப்பம். விமான நிலையத்திலிருந்து ஹெப்பாள், கே.ஆர்.புரம், சில்க் போர்டு வழியாக ஊரைக் கடக்கும் பாதையில் நீலத் தட மெட்ரோ வேலை நடப்பதால் தடுப்புகளும் திடீர் வளைவுகளும் நிறைய. பகலில் ஊருக்குள் விடாத கனரக லாரிகளும் இரவில்தான் வெளிவட்டச் சாலையில் இறங்கும். அந்தத் தூரத்தை வேறொருவர் ஓட்டும் வண்டியில் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம். 2025 ஆகஸ்ட் 10 அன்று மஞ்சள் தடம் திறந்த பிறகு ஆர்.வி. சாலையிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மெட்ரோவிலேயே போகலாம். ஆக, குடும்பத்தை அறையில் விட்டுவிட்டு ஒருவர் மட்டும் போய் வண்டியை எடுத்து வருவது எளிது.

இனி ஆவணங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தால் அதன் காலாவதித் தேதியைக் கிளம்பும் முன்பே பாருங்கள்; முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். வெளிநாட்டு உரிமம் மட்டும் உள்ளவர்கள் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை, உரிமம் தந்த நாட்டிலேயே வாங்கிவர வேண்டும். இங்கே வந்து வாங்க முடியாது.

வண்டியின் பதிவெண் பலகையைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது நாமே ஓட்டிச்செல்வதற்கென்று உரிமம் பெற்ற வாடகைக் கார். வெள்ளைப் பலகைக் காரைத் தெரிந்தவர் மூலம் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கென எடுத்த இன்சூரன்ஸ், வாடகைக்கு விட்ட வண்டிக்குப் பணம் தராது. கறுப்புப் பலகைக் கார் தமிழ்நாட்டுக்குள் போவதற்கான பர்மிட்டும் வரியும் கட்டப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓசூர் எல்லையில் நிறுத்தினால் வாய்ப்பேச்சு உதவாது. ஃபாஸ்டாக்கில் பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுங்கச்சாவடியில் கூடுதல் கட்டணம். வண்டியைச் சுற்றி வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, டிக்கியில் ஜாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நிலத்தடிப் பார்க்கிங்கின் மங்கிய வெளிச்சத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டே வண்டியை வாங்குகிறவர் கண்ணில் படாத கீறல், திருப்பிக் கொடுக்கும்போது டிபாசிட்டில் பிடித்தமாக வந்து நிற்கும்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, ஓசூர், கிருஷ்ணகிரி; அங்கே சென்னைக்குப் போகிறவர்கள் வேலூர் பக்கம் பிரிவார்கள். சேலத்துக்குப் போகிறவர்களுக்குத் தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். இறக்கத்தில் லாரிகளின் பிரேக் பிடிக்காமல் விபத்து நடப்பது அங்கே அடிக்கடி வரும் செய்தி. லாரிக்கு முன்னால் நெருங்கி ஓட்டாதீர்கள், கியரைக் குறைத்து இறங்குங்கள், பகலிலேயே கடந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளிப் பக்கம் விடியற்காலைப் பனிமூட்டம் விமானங்களையே தாமதப்படுத்தும். அந்த மாதங்களில் வட பெங்களூரிலிருந்து கிளம்புபவர்கள் எட்டு மணிக்கு மேல் புறப்படலாம். பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம். குழந்தை இருக்கை கேட்டவுடன் கிடைக்கும் பொருளல்ல, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

ஊரில் பெரியவர்கள் விடாமல் போன் செய்வார்கள். “எப்ப வந்து சேருவே?” என்று கேட்பவர்களிடம் இறங்கும் தேதிக்கு அடுத்த நாளையோ, அதற்கும் அடுத்த நாளையோ முதலிலேயே சொல்லிவைத்துவிட்டால், இட்லி ஆறிப்போகிறதே என்று அங்கிருந்து அவசரப்படுத்த மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, எந்த அவசரத்துக்கும் 112. இரண்டையும் ஓட்டுபவரின் போனில் மட்டுமல்லாமல் பக்கத்தில் உட்காருபவரின் போனிலும் பதிந்துவையுங்கள்.