ரிமோட் பழுதா என்பதைக் கைபேசி கேமராவால் அறியலாம்

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாமல் போனபோது, புதியது வாங்க மண்ணடிக்குக் கிளம்பும் முன், கைபேசியின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையிலுள்ள சிறு எல்இடி விளக்கை அதற்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையிலோ வெளிர் ஊதா ஒளி விட்டுவிட்டு மின்னியது. ரிமோட் நன்றாகவே இருந்தது. டிவியின் ஒளிவாங்கியை மறைத்து நின்றது ஒரு தஞ்சாவூர் பொம்மை!

நம் கண் ஏறக்குறைய 380 முதல் 750 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களை மட்டுமே உணர்கிறது. பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்கே அது மிகக் கூர்மையாக இருக்கும். ரிமோட் உமிழும் அகச்சிவப்பு ஒளி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அளவிலானது. கேமராவிலுள்ள சிலிக்கான் உணரியோ சுமார் 1,100 நானோமீட்டர் வரை உணரக்கூடியது. படத்தின் நிறம் கெடாதிருக்க அதன்முன் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வைக்கிறார்கள் என்றாலும், கொஞ்சம் ஒளி கசிந்துவிடும்.

பின்புறக் கேமராவில் இவ்வடிகட்டி பல கைபேசிகளில் வலுவாக இருப்பதால் செல்ஃபி கேமராவே நல்லது. உங்கள் கேமராவில் இவ்வொளி தெரிகிறதா என்பதை, முதலில் நன்றாக இயங்கும் வேறொரு ரிமோட்டை வைத்து, அறை விளக்கை அணைத்துச் சோதியுங்கள். ஒளி மங்கலாகத் தெரிந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். புளூடூத்தில் இயங்கும் ரிமோட்டுக்கு இச்சோதனை பொருந்தாது.