ஏலத்தில் எடுத்த பட்டறைக் கருவிகளை இனங்காண்பது எப்படி?

மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளோ சிறு தொழிற்கூடங்களோ மூடப்படும்போது, அவற்றின் பராமரிப்புப் பட்டறைகளில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கருவிகள் சாக்கு மூட்டைகளிலும் மரப்பெட்டிகளிலுமாக லாட் லாட்டாக ஏலத்திற்கு வருகின்றன. பழைய இரும்பின் விலைக்கே கிடைக்கும் அந்த மூட்டைகளில், இன்று புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகக்கூடிய ரீமர்களும் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவிகள்) கட்டர்களும் துருவோடு கிடக்கும். அப்படி ஓர் ஆலையின் லாட்டை எடுத்து, அதில் பெரும்பகுதியை இனங்கண்டு முடித்திருக்கிறேன். கடைசல் வேலையை இப்போதுதான் கற்றுக்கொள்பவர்களுக்கு அந்த வழிமுறை பயன்படும் என்று எழுதுகிறேன். லேத்தின் பாகங்களும் வெர்னியரைப் படிக்கும் முறையும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அறிமுகமில்லாத கருவியைக் கையில் எடுத்தவுடன் கண் வெட்டுமுனைக்குத்தான் போகும். ஆனால் வாயைப் பார்க்கும் முன் வாலைப் பார்க்க வேண்டும். ஷாங்க், அதாவது கருவியைப் பிடிக்கும் பகுதி, அது எந்த இயந்திரத்தில் அமர்ந்தது, சுழன்றதா நின்றதா, விசையை எந்தத் திசையில் தாங்கியது என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். அதன் பிறகு வெட்டுமுனையைப் பார்த்தால், ஐம்பது பெயர்களில் ஒன்றைத் தேட வேண்டிய இடத்தில் நான்கைந்து பெயர்களே மிஞ்சும்.

முதல் படி: கலைக்காமல் பிரித்தல், தேய்க்காமல் துடைத்தல்

மூட்டையைத் தரையில் கொட்டாதீர்கள். ஒரே பெட்டியில், ஒரே எண்ணெய்த்தாளில் இருந்தவை பெரும்பாலும் ஒரே வேலைக்குரியவை. சாவித்தடம் வெட்டும் புரோச்சோடு வந்த பித்தளைப் புஷ்ஷையும் மெல்லிய ஷிம் தகடுகளையும் பிரித்துவிட்டால், பிறகு அந்தப் புஷ் எதற்கென்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே எடுக்கும் முன் பெட்டி பெட்டியாகக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

லாட் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு தடயம். நூற்பாலை இயந்திரங்களில் பற்சக்கரங்கள் மிகுதி. ஆகவே ஆலைப் பட்டறையின் லாட்டில் பற்சக்கர கட்டர்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தே தேடலாம்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் அல்லது டீசலில் ஓர் இரவு ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கிரைண்டரில் மாட்டும் கம்பிச் சக்கரத்தையும் எமரித் தாளையும் இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருவியின் மீதுள்ள எழுத்துகளில் பல, மேற்பரப்பில் மிக மெல்லிதாக அரித்து எழுதப்பட்டவை. எமரித் தாளை இரண்டு முறை இழுத்தால் அவை போய்விடும், கருவியின் அடையாள அட்டையும் அதோடு போய்விடும். எழுத்து மங்கலாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் ஒளியைப் பரப்பை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அச்சடித்த பள்ள எழுத்தாக இருந்தால், சுண்ணக்கட்டியைத் தேய்த்து விரலால் துடைத்தவுடன் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

இரண்டாம் படி: ஷாங்க்கைப் பார்த்துக் குவியல் பிரித்தல்

எல்லாவற்றையும் ஐந்து குவியலாகப் பிரியுங்கள்: நுனியில் சதுரம் உள்ளவை, நேர் உருளையானவை, கூம்பாகச் சரிபவை, நடுவில் துளை உள்ளவை, சதுரக் கட்டையாக இருப்பவை.

நுனியில் சதுரம் இருந்தால் அது பெரும்பாலும் கைப்பிடியால் திருப்பப்பட்ட கருவி: டேப் (துளைக்குள் மரை வெட்டுவது) அல்லது கை ரீமர். கை ரீமரின் முனை நீண்ட தூரத்திற்கு மெல்லச் சரிந்திருக்கும்; இயந்திர ரீமரின் முனையிலோ 45 பாகைச் சிறு சாய்வு மட்டுமே இருக்கும். சதுரக் கட்டைகள் லேத் டூல்கள். துளை உள்ளவை மில்லிங் இயந்திரத்தின் ஆர்பர் என்ற தண்டில் ஏறும் கட்டர்கள். நேர் உருளைகள் கொலெட் என்ற பிளவுபட்ட பிடியிலோ டிரில் சக்கிலோ அமர்பவை. இவை எளியவை. பொறுமை தேவைப்படுவது கூம்புக் குவியலுக்குத்தான்.

மூன்றாம் படி: எந்த டேப்பர்?

நம் பட்டறைகளில் கூம்பு ஷாங்க் என்றாலே மோர்ஸ் டேப்பர், அதாவது மோர்ஸ் என்ற தரச் சரிவு, என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் பழைய மில்லிங் கட்டர்களில் பிரவுன் ஷார்ப் டேப்பரும் வரும். தொட்டுப் பார்த்தோ கண்ணால் பார்த்தோ இரண்டையும் பிரிக்க இயலாது. தவறான ஸ்லீவில் (ஷாங்க் அமரும் கூம்புத் துளையுள்ள குழல்) அடித்து ஏற்றினால், ஒரு முனை மட்டும் பிடித்து மறுமுனை ஆடும். கருவியும் கெடும், ஸ்பிண்டிலின் உட்பரப்பும் கெடும். ஆகையால் இந்த ஒரு படியை மட்டும் ஒருபோதும் தாவ வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஷாங்க்கின் மீது மெல்லிய மார்க்கரால் சரியாக 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் இடுங்கள். இரண்டு கோடுகளிலும் விட்டத்தை அளந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடை 2.5 முதல் 2.6 மி.மீ. வரை இருந்தால் அது மோர்ஸ். 2.1 மி.மீ. அளவில் இருந்தால் பிரவுன் ஷார்ப்; அதன் சரிவு அடிக்கு அரை அங்குலம், அதாவது 24-க்கு 1. விடை 14.6 மி.மீ. என்று வந்தால் அது மில்லிங் இயந்திரங்களுக்குரிய 7/24 கடுஞ்சரிவு (24-க்கு 7). ஷாங்க் 50 மி.மீ. நீளம் இல்லையென்றால் 25 மி.மீ. இடைவெளியில் அளந்து விடையை இரட்டியுங்கள்.

கூம்பின் மீது வெர்னியரை வைக்கும்போது, தாடையின் அகலம் காரணமாகக் கோட்டைவிடச் சற்றுப் பருத்த இடத்தைத்தான் அது தொடும். இதனால் அளவு தவறுமே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு கோடுகளிலும் தாடையின் ஒரே விளிம்பை, ஒரே பக்கம் பார்த்தவாறு வைத்தால், இரண்டிலும் அதே அளவு பிழை சேரும், கழிக்கும்போது நீங்கிவிடும். நமக்கு இங்கே வேண்டியது வித்தியாசம் மட்டுமே. மலிவான டிஜிட்டல் காலிப்பரைவிட, 0.02 மி.மீ. நுட்பமுள்ள சாதாரண வெர்னியரையே இந்த வேலைக்கு விரும்புகிறேன். எண்ணெய்க் கையோடு எடுத்தாலும் அது தடுமாறுவதில்லை.

மோர்ஸ் என்று உறுதியான பிறகு எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. பருத்த முனையின் அளவு 1-ஆம் எண்ணுக்கு 12.065 மி.மீ., 2-க்கு 17.780, 3-க்கு 23.825, 4-க்கு 31.267, 5-க்கு 44.399. தோளை ஒட்டி அளந்தால் இவற்றைவிட ஒரு மில்லிமீட்டரில் சில பத்திலொரு பங்கு கூடுதலாகத் தெரியும், அது இயல்புதான்.

பருத்த முனையை மட்டும் அளந்து முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இந்த எண்களே காரணம் சொல்கின்றன. 7/24 சரிவுள்ள ஐ.எஸ்.ஓ. 30-இன் பருத்த முனை 31.75 மி.மீ.; இது மோர்ஸ் 4-ஐ நெருங்குகிறது. ஐ.எஸ்.ஓ. 40-இன் பருத்த முனை 44.45 மி.மீ.; இது மோர்ஸ் 5-ஐ நெருங்குகிறது. இரண்டும் வேலை செய்யும் விதமோ முற்றிலும் வேறு. மோர்ஸின் மெல்லிய சரிவு உராய்வினாலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும், டிரிஃப்ட் என்ற ஆப்பை வைத்துத் தட்டினால்தான் வெளியே வரும். 7/24 தானாகப் பிடிப்பதில்லை. பின்னாலிருந்து டிராபார் என்ற நீண்ட போல்ட் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்து ஷாங்க்கின் கடைசி நுனியைப் பாருங்கள். தட்டையான நாக்கு இருந்தால் அது டிரில்லிங் இயந்திரத்திற்கோ லேத்தின் டெயில் ஸ்டாக்கிற்கோ உரிய கருவி. நாக்கு இல்லாமல் மரையிட்ட துளை இருந்தால் அது மில்லிங்கிற்கு உரியது. மில்லிங்கில் பக்கவாட்டு விசையும் அதிர்வும் சேர்ந்து மோர்ஸ் டேப்பரைத் தளர்த்திவிடும் என்பதால்தான் அங்கே இழுத்துப் பிடிக்கும் போல்ட் தேவைப்படுகிறது. நாக்குள்ள ஸ்லீவில் எண்ட் மில்லை (நுனியிலும் பக்கத்திலும் வெட்டும் மில்லிங் கட்டரை) மாட்டி மில்லிங் செய்ய முயலவே வேண்டாம்.

ஷாங்க்கில் அடிபட்டு எழுந்த பிசிறுகள் இருந்தால், அரத்தை எடுக்காமல் மெல்லிய எண்ணெய்க்கல்லால் அந்தப் பிசிறை மட்டும் தட்டையாக்குங்கள். பிறகு புருஷியன் நீலத்தை நீளவாக்கில் ஒரே ஒரு மெல்லிய கோடாகத் தடவி, நல்ல ஸ்லீவ் ஒன்றில் செருகி, கால் சுற்று திருப்பி எடுங்கள். நீலம் முழு நீளத்திற்கும் பரவியிருந்தால் பொருத்தம் சரி. ஒரு முனையில் மட்டும் பரவியிருந்தால் மீண்டும் அளக்க வேண்டும்.

நான்காம் படி: டேப்களும் மரைகளும்

டேப்பில் '1/2' என்று மட்டும் தெரிகிறது என்றால் உடனே நான்கு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) டேப் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். விட்டத்தை அளந்து பாருங்கள். 12.7 மி.மீ. வந்தால் அது அரை அங்குல போல்ட் மரை. 21 மி.மீ. வந்தால் அது அரை அங்குலக் குழாய் மரை, அதாவது பி.எஸ்.பி.; அங்கே அரை அங்குலம் என்பது குழாயின் பெயரளவுதானே தவிர மரையின் அளவு அன்று. அதன் வெளிவிட்டம் 20.955 மி.மீ., அங்குலத்திற்கு 14 மரை.

12.7 மி.மீ. வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். அங்குலத்திற்கு 12 மரை இருந்தால் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் முறை), 13 இருந்தால் யு.என்.சி. (அமெரிக்க முறை). மூன்று நூல் அளவில் இரண்டுக்கும் 16 மரையே இருப்பதால் எண்ணிப் பார்த்துப் பயனில்லை. விட்வொர்த்தின் கோணம் 55 பாகை, யு.என்.சி.யின் கோணம் 60 பாகை என்பதை மரை கேஜை வைத்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு கோணங்களும் உள்ள கேஜையே வாங்குங்கள். பழைய ஆலைகளில் விட்வொர்த் தாராளமாகக் கிடைக்கும்.

ஷாங்க்கில் ஒரு வளையம், இரண்டு வளையம், வளையமே இல்லாதது என்று மூன்று டேப்கள் கிடைத்தால் அவை ஒரே செட். வளையமில்லாததுதான் கடைசியாக ஓட்டி முழு அளவு தருவது. செட்டைப் பிரித்து விற்றுவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பற்சக்கர கட்டர்கள்

வட்டக் கட்டரின் பல்லை நேருக்கு நேர் பார்க்கும்போது, இருபுறமும் உட்குழிந்து வளைந்து நுனி குறுகியிருந்தால் அது பற்சக்கர கட்டர். லாட்டிலேயே அதிக மதிப்புள்ளவை இவையாக இருக்கலாம், எனவே ஒவ்வொன்றின் பக்கவாட்டு எழுத்தையும் முழுமையாகப் படியுங்கள். 'எம்' என்ற எழுத்தோடு எண் இருந்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவை மில்லிமீட்டரில் சொல்லும் முறை; 'டி.பி.' (டயமெட்ரல் பிட்ச்) என்றிருந்தால் அங்குல முறை. 25.4-ஐ டி.பி.யால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 10 டி.பி. என்பது மாட்யூல் 2.54, மாட்யூல் 2.5 கட்டரின் அருகில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரிந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் பயன்படுத்தக் கூடாது. அழுத்தக் கோணமும் எழுதியிருக்கும்: பழையவற்றில் 14½ பாகை, பிந்தியவற்றில் 20.

ஒரு மாட்யூலுக்கு எட்டு கட்டர்கள் சேர்ந்தது ஒரு செட். இவற்றின் வரிசை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். டி.பி. முறையில் 1-ஆம் எண் 135 பற்களுக்கு மேல், 8-ஆம் எண் 12, 13 பற்களுக்கு. மாட்யூல் கட்டர்களில் பல இதற்கு நேர் எதிராக, 12, 13 பற்களுக்கானதை 1 என்று எண்ணிடுகின்றன. எண்ணுக்கு அருகில் '21-25' என்பதுபோல் பற்களின் வீச்சு இருக்கும். அதையே எழுதி வையுங்கள். துளையையும் அளந்துவிடுங்கள்: 22 மி.மீ.க்கும் 7/8 அங்குலத்திற்கும் இடையே கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, ஆனால் அந்தச் சிறு தளர்ச்சியே கட்டரை மையம் விலகிச் சுழல வைத்துவிடும்.

ஆறாம் படி: உலோகமும் மற்றவையும்

லேத் டூலின் முனையில் செம்பு நிறமாகவோ பித்தளை நிறமாகவோ மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தால் அது கார்பைடு முனை. தனிக் கட்டையாக இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். கார்பைடு எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கனக்கும். காந்தம் இங்கே உதவாது, கோபால்ட் கலந்திருப்பதால் கார்பைடும் லேசாக ஒட்டும். எச்.எஸ்.எஸ்.ஸா (ஹை ஸ்பீட் ஸ்டீல்) சாதாரணக் கார்பன் எஃகா என்ற ஐயம் வந்தால், ஷாங்க்கின் மூலையைச் சாணைக்கல்லில் ஒரு நொடி தொடுங்கள்: கார்பன் எஃகின் பொறி வெளிர்மஞ்சளாகப் பூப்பூவாக வெடிக்கும், எச்.எஸ்.எஸ்.ஸின் பொறி மங்கிய செம்மஞ்சளாக, வெடிப்பு குறைந்து ஓடும்.

கார்பைடு இன்சர்ட்டுகளின் (கழற்றி மாற்றும் வெட்டுத் துண்டுகள்) எழுத்துகள் சர்வதேசக் குறியீடு. 'சி.என்.எம்.ஜி. 120408' என்பதில் சி என்பது 80 பாகைச் சாய்சதுரம், கடைசி 08 என்பது 0.8 மி.மீ. மூக்கு ஆரம். டி (T) முக்கோணம், எஸ் சதுரம், ஆர் வட்டம். தொடக்கத்திற்கு இவ்வளவு போதும்.

வெட்டுமுனையே இல்லாத, இரு முனைகளிலும் சென்டர் துளை போட்ட, கண்ணாடிபோல் மினுக்கிய கெட்டியான உருளை கிடைத்தால் அதைத் தண்டுக் கம்பி என்று தனியே போட்டுவிடாதீர்கள். மைக்ரோமீட்டரால் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். மில்லிமீட்டரில் நூறிலொரு பங்குக் கணக்கில் ஒரு முனை பருத்திருந்தால் அது மாண்ட்ரல். துளையிட்ட பாகத்தை அதில் இறுக்கி, இரு சென்டர்களுக்கு நடுவே வைத்துக் கடைவார்கள். கைப்பிடியின் ஒரு பக்கம் நீண்ட உருளை, மறுபக்கம் குட்டை உருளை, நடுவில் '25 எச்7' போன்ற எழுத்து என்றிருந்தால் அது பிளக் கேஜ். நீண்ட பக்கம் துளைக்குள் போக வேண்டும், குட்டைப் பக்கம் போகக் கூடாது.

லாட்டில் வந்த சாணைக்கற்களைப் பொறுத்தவரை என் நிலை கடுமையானது: உச்ச வேகம் அச்சிட்ட சீட்டு படிக்கும்படி இல்லையென்றால் எறிந்துவிடுங்கள். சீட்டு இருந்தாலும், கல்லின் துளையில் விரலைவிட்டுத் தொங்கவைத்து மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். விட்ரிஃபைடு கல் (களிமண் பிணைப்பில் சுட்டது) மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமான ஒலி வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர், தம்மிடம் உள்ள ஷாங்க் 24.1 மி.மீ. அளவில் இருப்பதால் மோர்ஸ் 3 என்று நினைத்ததாகவும், 50 மி.மீ. முறையில் அளந்தால் வித்தியாசமே வரவில்லை என்றும் எழுதியிருந்தார். அவரிடம் இருப்பது ஆர்8. அதன் பின்பகுதி நேர் உருளை, கூம்பு முன்பக்கத்தில் சிறிதளவே இருக்கும், பக்கவாட்டில் சாவித்தடம் ஓடும். அமெரிக்க வகைச் செங்குத்து மில்லிங் இயந்திரங்களுக்கு உரியது. கோடுகள் இடும் முன் ஷாங்க் முழுவதும் சரிகிறதா என்று இரும்பு ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் தெரியாதவை சில மிஞ்சும். அவற்றைக் கப்பலூர் அல்லது கே.புதூர் தொழிற்பேட்டையில் வயதில் மூத்த டர்னர் ஒருவரிடம் எடுத்துச் செல்லுங்கள். படத்தை மட்டும் காட்டாமல் கருவியையே கொண்டுபோங்கள். ஷாங்க் அளவு, டேப்பர் வித்தியாசம், அது எந்தப் பெட்டியில் எவற்றோடு இருந்தது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். வேலை நேரத்தில் போகாமல், சாப்பாட்டு இடைவேளையில் போனால் நிதானமாகப் பார்த்துச் சொல்வார்கள்.