பாலாற்றிலிருந்து செவ்வாய்க்கு: ரோல்பிளேயிங் கேமுக்கு ஓர் அறிவியல் புனைவுலகம் அமைப்பது எப்படி?

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் கேமுக்கு உலகம் அமைக்கத் தொடங்குகிறவர்களில் பலர், விண்மீன் பேரரசுகளின் வரலாற்றையும் போர்களின் ஆண்டு வரிசையையும் எழுதியே நோட்டை நிரப்பிவிடுகிறார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு அவற்றில் ஒரு வரிகூடப் பயன்படுவதில்லை. ஆடுகிறவர் உடனே ஒரு முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடி இருந்தால்தான் ஆட்டம் நகரும். அத்தகைய நெருக்கடியை வேலூர் வட்டாரத்தில் வாழ்கிறவர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை என்பதால், பாலாற்றையே வழிகாட்டியாகக் கொண்டு செவ்வாயில் ஒரு குடியிருப்பை இங்கே படிப்படியாக அமைப்போம்.

முதல் படி: ஓர் இயற்கை உண்மை

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். தண்ணீர் அந்த மணலுக்கு அடியில் இருக்கிறது. செவ்வாயிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் திறந்தவெளியில் நீர் நிற்காது. பல இடங்களில் அது மண்ணுக்கடியில் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. அந்த மண்ணிலும் நஞ்சு உண்டு. 2008-இல் செவ்வாயின் வடபகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் பெர்குளோரேட் என்னும் உப்பை மண்ணில் கண்டறிந்தது. நீரில் எளிதில் கரையும் இந்த உப்பு உடலுக்குள் சென்றால், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். ஆக, தோண்டினால் தண்ணீர் கிடைக்கும், ஆனால் சுத்திகரிக்காமல் குடிக்க முடியாது. தொடங்குவதற்கு இந்த ஓர் உண்மை போதும். வேற்றுக்கிரகவாசிகள், ரோபோக்களின் கலகம், காலப்பயணம் ஆகியவற்றை முதல் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: அந்த உண்மையால் யார் பிழைக்கிறார், யார் பாதிக்கப்படுகிறார்?

உலகம் உயிர்பெறுவது இந்தப் படியில்தான் என்பதால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கூலி கொடுத்தன; அவற்றின் கழிவுநீரே கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. இது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீட்டை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதிசெய்தது. தொழிற்சாலை மூடப்பட்டால் வேலை போகும், மூடப்படாவிட்டால் கிணறு போகும் என்ற நிலையில் ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் இருந்திருக்கும். உங்கள் செவ்வாயிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களையும் ஆட்களையும் அப்படியே தூக்கி வைக்காமல், காரணங்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி வெட்டும் சுரங்கத்தார், வடிகட்டியை இயக்கும் நிலையத்தார், வடிகட்டிய பின் எஞ்சும் உப்புக்கழிவு கொட்டப்படும் பள்ளத்தருகே பசுமைக்குடில் வைத்திருக்கும் பயிரிடுவோர் என மூன்று தரப்பை வையுங்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு நியாயமும் ஓர் அச்சமும் எழுதுங்கள். வில்லன் என்று ஒருவரை நிறுத்திவிட்டால் ஆடுகிறவர்கள் அவரை அடித்து முடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். மூன்று நியாயங்கள் மோதினால்தான் உட்கார்ந்து பேசுவார்கள்.

மூன்றாம் படி: கணக்கு

குடியிருப்பில் 40 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் மொத்தப் பயன்பாடு 800 லிட்டர். பயன்படுத்திய நீரில் 90 சதவீதத்தை வடிகட்டி மீட்கிறது என்று வைத்துக்கொண்டால் உண்மையான இழப்பு 80 லிட்டர் மட்டுமே. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 98 சதவீதம்வரை மீட்கிறார்கள் என்பதால் இது மிகைக் கற்பனையும் அன்று. தொட்டியில் 12,000 லிட்டர் இருந்தால், புதிதாகப் பனிக்கட்டி வெட்டாமலே 150 நாள் தாங்கும். வடிகட்டி பழுதானால் அதே தொட்டி 15 நாளில் காலியாகிவிடும். உங்கள் முதல் கதை இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது.

பூமியைக் கேட்டு முடிவெடுக்கலாமே என்று யாரேனும் சொல்வார்கள். ஒரு செய்தி பூமிக்குப் போய்ச்சேரவே ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். உதிரிபாகம் வர மாதங்கள் ஆகும். எனவே முடிவு அங்கேயே எடுக்கப்பட்டாக வேண்டும்.

நான்காம் படி: இடங்களும் பெயர்களும்

மூன்று இடங்கள் போதும்; ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் வேண்டும். ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதற்கு நகர வெளிச்சம் எட்டாத இருளும் உயரமும் காரணங்கள். அவ்வாறே உங்கள் சுரங்கம் பனிக்கட்டி இருக்கும் அகலாங்கிலும், உப்புப் பள்ளம் தாழ்வான பகுதியிலும் இருக்கட்டும். பெயர்களை நம் ஊர் வழக்கிலேயே வைக்கலாம். ஊற்றுப்பாடி, உப்புப்பள்ளம் போன்றவை கேட்டவுடன் மனதில் நிற்கும்.

ஐந்தாம் படி: பகடை விதி

இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆளுக்கு வெற்றி வாய்ப்பு 36-இல் 15, அதாவது சுமார் 42 சதவீதம். அந்த வேலையில் பயிற்சி உள்ளவருக்கு 2 கூட்டினால் அது 72 சதவீதமாகிறது. தோற்றால் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். தொட்டியிலிருந்து 400 லிட்டரைக் கழியுங்கள்.

ஆறாம் படி: முதல் ஆட்டம்

ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராக இருப்பவர் விளக்கவுரை ஆற்றாமல் ஒரு பாத்திரத்தின் வாயால் தொடங்குவது நல்லது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்மணி, பணிக்கு வந்த இளைஞரிடம் இப்படிச் சொல்லலாம்: “தம்பி, வடிகட்டி ராத்திரியே நின்னுபோச்சு. சுரங்கத்துக்காரங்க கிட்ட ஒரு வடிகட்டிச் சவ்வு இருக்கு, ஆனா அவங்க உப்பையும் இனிமே பள்ளத்துல கொட்டலாம்னு நாம கையெழுத்துப் போட்டாதான் தருவாங்களாம். பள்ளத்துப் பக்கம் உங்க அத்தை வீடு இருக்குல்ல, நீயே சொல்லு.” இதற்குப் பிறகு நீங்கள் அமைதியாக இருங்கள், ஆடுகிறவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

ஆட்டம் முடிந்ததும், தொட்டியில் எஞ்சிய லிட்டர், யாருக்கு என்ன வாக்கு கொடுக்கப்பட்டது, எந்தத் தரப்பு மனக்குறையோடு போனது என்ற மூன்றையும் அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வை, மனக்குறையோடு போனவர் ஊற்றுப்பாடி நிலையத்தின் கதவைத் தட்டுவதிலிருந்து தொடங்கலாம்.