செகண்ட் ஹேண்ட் கார் வச்சிருக்கீங்களா? ரீகால் இருக்கான்னு பாக்குறது இப்படித்தான்

கார புதுசா எடுத்தவங்கள விட செகண்ட் ஹேண்ட்ல எடுத்தவங்கதான் இத மொதல்ல பாக்கணும், ஏன்னா ரீகால்னு, அதாவது வண்டில ஒரு குறை இருக்கு, சரி பண்ணித் தரோம்னு கம்பெனியே திரும்பக் கூப்பிடுறதுன்னு வந்தா, கம்பெனி தன்கிட்ட இருக்குற நம்பருக்குத்தான் போன் பண்ணும், அது பெரும்பாலும் மொத ஓனர் நம்பரா இருக்கும், அவரு எப்பவோ வித்துட்டு வேற வண்டில போயிட்டு இருப்பாரு.

ஆர்.சி.ய எடுங்க. அதுல சேஸிஸ் நம்பர்னு எழுத்தும் எண்ணும் கலந்து 17 இலக்கம் இருக்கும், அதான் வேணும். பக்கத்துலயே இருக்குற இன்ஜின் நம்பர அடிச்சுட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு வருதேன்னு சந்தோஷப்படாதீங்க, நானே அப்படி ஏமாந்திருக்கேன். இந்த 17ல ஐ, ஓ, க்யூ எழுத்து வரவே வராது, வட்டமா இருந்தா சைபர்னு அடிங்க. இன்சூரன்ஸ் பாலிசிலயும் இதே நம்பர் இருக்கும்.

அடுத்து கம்பெனியோட சொந்த வெப்சைட்டுக்குப் போய் ரீகால் பாக்குற பேஜ்ல அந்த நம்பரப் போடுங்க. மாருதின்னா பெரும்பாலும் எம்.ஏ.3ன்னு ஆரம்பிச்சு பின்னாடி 14 இலக்கம் வரும். மாடல் பேர வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. 2020 ஜூலைல மாருதி ஃபியூயல் பம்ப் பிரச்சனைன்னு 1,34,885 வண்டிய திரும்பக் கூப்பிட்டாங்க, அதுல வேகன்ஆர் 1 லிட்டர்ல 2018 நவம்பர் 15லருந்து 2019 அக்டோபர் 15 வரைக்கும் தயாரான வண்டிங்கதான், அதனால பக்கத்து வீட்டு வேகன்ஆர் மாட்டியிருக்கும், உங்களது தப்பிச்சிருக்கும்.

நெட்ல தேடப் பிடிக்கலன்னா அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு சேஸிஸ் நம்பரச் சொல்லி, ரீகால் ஏதாவது பெண்டிங் இருக்கான்னு கேளுங்க, அப்படியே உங்க நம்பரையும் மாத்தச் சொல்லிருங்க. வேல ஃப்ரீதான், பார்ட்ஸுக்கும் லேபருக்கும் காசு கிடையாது. ரீகால் வேலைக்கே பில் போட்டா குடுக்காதீங்க, முடிஞ்சதும் ஜாப் கார்டுல எழுதி வாங்கிக்கோங்க.

ஏர்பேக்னு வந்தா மட்டும் தள்ளிப் போடாதீங்க. தகாட்டாங்கிற ஜப்பான் கம்பெனி செஞ்ச ஏர்பேக்ல, பைய ஊத வைக்கிற இன்ஃப்ளேட்டர்ல இருந்த அமோனியம் நைட்ரேட்ங்கிற ரசாயனம் வருஷக்கணக்கா வெக்கையிலயும் ஈரப்பதத்துலயும் கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டு தெறிச்சு ஆளுங்க செத்திருக்காங்க, இந்தியாவுலயும் ஹோண்டா அதுக்காக பல தடவ ரீகால் பண்ணிருக்கு. நம்ம சென்னை வெயிலும் கடல் காத்தும் எப்படின்னு சொல்லவே வேணாம், பழைய வண்டின்னா இன்னைக்கே நம்பரப் போட்டுப் பாருங்க.