ஜெர்மனியில் ஃபீஸ் இல்லைதான், தவறுகள் ஆரம்பிப்பதும் அங்கேதான்

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் மூச்சு விடாமல் அடுத்துச் சொல்வது, "அங்கே ஃபீஸ் கிடையாது" என்பதைத்தான். பொய் இல்லை. 2014-ல் கடைசி மாநிலமும் கல்விக் கட்டணத்தைக் கைவிட்டது. சிக்கல் என்னவென்றால், ஃபீஸ் வாங்காத இடம் நம்மைத் தேடி வந்து எதையும் ஞாபகப்படுத்தாது. நம் ஊர் கல்லூரியில் பணம் கட்ட மறந்தால் வகுப்பில் பெயரைச் சொல்லி எழுப்பி நிற்க வைப்பார்கள். அங்கே அந்த அவமானம்கூடக் கிடைக்காது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஒரு கடிதம் போடுவார்கள், அவ்வளவுதான்.

முதல் தவறு அந்த ஃபீஸ் விஷயத்திலேயே இருக்கிறது. எல்லா இடத்திலும் இலவசம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரில் ஆரம்பித்து, பெரும்பாலான மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் போன அண்ணன் சொன்ன கணக்கை வைத்து இன்று பட்ஜெட் போடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதற்காக ஃபீஸ் உள்ள இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவும் வேண்டாம். 1,500 யூரோவை ஆறு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 250. மியூனிக்கில் நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒரு அறைக்கே 700, 800 யூரோ போகிறது, செம்னிட்ஸ் மாதிரி ஊரில் அதில் பாதி இருந்தால் போதும். ஃபீஸே வாங்காத பெருநகரத்துப் பல்கலைக்கழகம், ஃபீஸ் வாங்கும் சின்ன ஊரைவிட அதிகமாகக் கையைக் கடிக்கலாம். ஊரை வைத்துக் கணக்குப் போடுங்கள். கல்விக் கட்டணம் இல்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்று 100-லிருந்து 400 யூரோ வரை கட்டியே ஆக வேண்டும், பல இடங்களில் அதிலேயே பஸ், ரயில் பாஸும் அடக்கம் என்பதால் அது நல்ல பேரம்தான்.

அடுத்தது ஏஜென்ட்கள் விஷயம், இதில் விழுகிறவர்கள் அதிகம். "ஸ்டாட்லிஷ் அன்எர்கான்ட்" என்று ஒரு ஜெர்மன் சொற்றொடர் உண்டு, அரசு அங்கீகாரம் பெற்றது என்று அர்த்தம். அதைக் காட்டி "கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டிதான் சார்" என்று பெற்றோரை உட்கார வைத்துப் பேசுவார்கள். நம் ஊரில் தனியார் பள்ளி வாசலில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போர்டு தொங்குமே, அதே கதைதான் இது. தனியார் கல்லூரிதான் அப்படிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் வாங்கும் இடங்கள் அதில் உண்டு. பெயருக்குப் பின்னால் ஜிஎம்பிஹெச் என்று இருந்தால் நடத்துவது ஒரு கம்பெனி. சந்தேகமாக இருந்தால் ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற தளத்தில் பெயரைத் தேடுங்கள், அரசுடையதா தனியாருடையதா என்று அதிலேயே எழுதியிருக்கும். ஏஜென்ட் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விண்ணப்பத்துக்கான ஈமெயிலும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும். அட்மிஷன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகியும் ஏஜென்ட் திறந்து பார்க்காமல், ஏற்றுக்கொள்ளும் கடைசித் தேதி போய்விட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

சரி, அட்மிஷனுக்கு வருவோம். இங்கே நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, சிஜிபிஏ மட்டும் போதும் என்று நினைப்பது. 9.1 வைத்திருந்தவருக்கு ரிஜெக்ட் வரும், 7.4 வைத்திருந்தவருக்கு அதே துறையில் சீட் கிடைக்கும். காரணம் ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடங்களைக் கணக்கிடும் கிரெடிட் முறை. படிப்பின் விதிமுறையில் கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை கிரெடிட் இளநிலையிலேயே முடித்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். ஒரு பாடம் குறைந்தாலும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விண்ணப்பம் வெளியே போய்விடும். டிகிரியின் பெயர் பொருந்துகிறதே என்று விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் சிலபஸை ஒரு பக்கமும் அவர்களுடைய பாடக் கையேட்டை, மோடுல்ஹாண்ட்புக் என்பார்கள், இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் யூனி அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாகப் போகும் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ என்பதால், பொருந்தாத எட்டு இடங்களுக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவோ மேல்.

மதிப்பெண் மாற்றும் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. அங்கே 1.0 உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம் மதிப்பெண்ணை மாற்ற பவேரியன் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உங்கள் சிஜிபிஏ 8, பாஸ் 5 என்றால் 2.2 வரும். அதே 8-க்கு பாஸ் 4 என்றிருந்தால் 2.0. இன்னொரு பல்கலைக்கழகத்துக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து மனம் உடைந்தவர்களும், தேவையில்லாமல் துள்ளிக் குதித்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பாஸ் மதிப்பெண் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள்.

தேதிகள். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15, கோடைக்கால செமஸ்டருக்கு ஜனவரி 15 என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அது பொதுவான தேதி. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல மாஸ்டர்ஸ் படிப்புகள் மார்ச்சிலோ மே மாதத்திலோ மூடிவிடும். இதற்கு முன்னால் ஏபிஎஸ் சான்றிதழ் வேறு, நம் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் உண்மையானவை என்று சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் விசாவுக்கு அது கட்டாயம், பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: யூனி அசிஸ்ட் சரிபார்க்க நாலு முதல் ஆறு வாரம், ஏபிஎஸ்ஸுக்குச் சில வாரம், அதற்கும் முன்னால் ஐஇஎல்டிஎஸ். அக்டோபரில் வகுப்பு என்றால் அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே வேலையை ஆரம்பித்தவர்தான் நிம்மதியாகத் தூங்குகிறார். விசாவிலும் முன்பு மாதிரி மேல்முறையீடு எழுதிப் பார்க்கலாம் என்ற வழி இல்லை, 2025 ஜூலை 1 முதல் தூதரகத்தில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். மறுத்தால் மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆகவே நெட்டில் கிடைத்த எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று நாம் எழுதித் தரும் விளக்கக் கடிதம்) பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் வேலையெல்லாம் வேண்டாம்.

இப்போது பணம். விசாவுக்காக, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடியும்படி பூட்டி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 வீதம் திரும்பி வரும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதில் எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு. அங்கே போய் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, அதை இணைத்த பிறகுதான் அந்தப் பணம் வெளியே வரும். ஆனால் செலவு விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ஆரம்பிக்கிறது. 400 யூரோ வாடகை என்று வைத்துக்கொள்வோம். அது "கால்ட்", அதாவது வெறும் அறைக்கு மட்டும். ஹீட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்து "வார்ம்" 500 ஆகிவிடும். முன்பணம் கால்ட் வாடகையைப் போல மூன்று மடங்கு வரை கேட்கலாம், அது 1,200. முதல் மாத வாடகை 500, செமஸ்டர் பங்களிப்பு ஒரு 300, மருத்துவக் காப்பீடு கிட்டத்தட்ட 145. கூட்டினால் 2,145 யூரோ. தட்டு, டம்ளர், குளிருக்கு ஒரு ஜாக்கெட் இதெல்லாம் இன்னும் வாங்கவே இல்லை. பிளாக்டு அக்கவுண்ட் போக, கையில் தனியாக இரண்டாயிரத்துக்கு மேல் இல்லாமல் கிளம்பாதீர்கள். (முன்பணத்தை மூன்று தவணையாகக் கட்டும் உரிமை அங்கே சட்டத்திலேயே உண்டு, வீட்டுக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.)

சிலர் விசாவுக்காக வட்டிக்கு வாங்கி அந்தக் கணக்கில் காட்டிவிட்டு, மாதம் வரும் 992-ஐ அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக்கு? "பார்ட் டைம் பார்த்துக்கலாம்." இதைவிட மோசமான திட்டம் இருக்க முடியாது. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, குறைந்தபட்சக் கூலியும் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ, காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்டோபரில் இறங்கி, முகவரி பதிந்து, வரி எண் வந்து, ஜெர்மன் தெரியாமல் ஒரு வேலை கிடைக்க ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடலாம். பிப்ரவரி என்றால் பரீட்சை. இன்னொன்று, ஃப்ரீலான்ஸ் வேலை மாணவர் விசாவில் தனி அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது, "ஆன்லைன்தானே" என்பது அங்கே எடுபடாது. பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும் ஹிவி வேலை, பேராசிரியருக்கு உதவியாளர் மாதிரி, அந்த 140 நாளில் சேராது. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

வீடு தேடுவதில் ஒரே ஒரு விதி: நேரிலோ நம்பகமான ஆள் மூலமோ பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பக் கூடாது. "நான் லண்டனில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் அது மோசடிதான். அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், பெரிய நகரங்களில் காத்திருப்பு செமஸ்டர் கணக்கில் போகும். முகவரி பதிவு செய்ய முடியாத அறையை மலிவு என்று எடுக்காதீர்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது, அது நடக்காமல் வரி எண்ணிலிருந்து விசா நீட்டிப்பு வரை எதுவும் நகராது.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அறை கிடைத்தது, பதிவும் முடிந்தது, ஆனால் தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டவில்லை. அங்கே முகவரியில் கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் பார்த்துப் போடும் பழக்கம் பொதுவாக இல்லை, பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால் திரும்பிப் போய்விடும். வங்கி அனுப்பிய கார்டின் பின் நம்பர் இரண்டு முறை திரும்பிப் போனது. கணக்கில் 992 யூரோ வந்து உட்கார்ந்திருக்கிறது, எடுக்க வழியில்லை. மூன்று வாரம் பக்கத்து அறைப் பையனிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன், அவன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் செல்லோடேப்பை எடுத்துவந்து அவனே பெயரை எழுதி ஒட்டிவிட்டுப் போனான்.

பெட்டியில் வரும் கடிதங்களை, புரியவில்லை என்றாலும், பிரித்துவிடுங்கள். ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு வரும், டிவி இல்லை என்று தூக்கிப் போட முடியாது, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். நாலு பேர் இருக்கும் வீடென்றால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் கொடுத்துவிடலாம். காப்பீட்டில், மலிவு என்று 30 வயதுக்குள் இருப்பவர் பொதுக் காப்பீட்டிலிருந்து விலகித் தனியார் காப்பீட்டுக்குப் போனால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. இதைக் கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொண்டவர்கள் நிறைய.

கடைசியாகத் தேர்வு. பாடத்துக்குப் போனால் தேர்வுக்கும் பெயர் இருக்கும் என்று நினைக்காதீர்கள், தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் சில வாரம்தான் திறந்திருக்கும். அதேபோல ஒவ்வொரு செமஸ்டருக்கும் குறித்த தேதிக்குள் பங்களிப்பைக் கட்டித் தொடர்வதைச் சொல்ல வேண்டும். அரியர் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதும் நம் பழக்கம் அங்கே செல்லாது. பெரும்பாலான இடங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்பு, மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகத் தொடர முடியாது. தயாராகவில்லை என்றால் கடைசித் தேதிக்குள் பதிவை ரத்து செய்துவிடலாம், அது வாய்ப்பில் கழியாது. தேர்வு நாளில் காய்ச்சலா, "எழுதித்தான் பார்ப்போமே" என்று போய் உட்காராதீர்கள், உட்கார்ந்தால் ஒரு வாய்ப்பு போச்சு. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, சான்றிதழை வாங்கி, தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுப் போய்ப் படுங்கள்.