வெள்ளி இரவு கிளம்பி, இரண்டு நாளில் பழைய ஊட்டி

வார இறுதியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் பலர் படகு இல்லம், தொட்டபெட்டா என்று காருக்குள்ளேயே பொழுதைத் தொலைத்துவிடுகிறார்கள். 1820-களில் உருவான பழைய ஊர், நகர மையச் சந்திப்பான சேரிங் கிராஸுக்கு மேலே உள்ள மேட்டில் இருக்கிறது. அதை நடந்துதான் பார்க்க வேண்டும்.

முதலில் மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகலில் ஊட்டி சேரும். சென்னையிலிருந்து வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் இதைப் பிடிக்கலாம். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். சனிக்கிழமை இருக்கைகள் மளமளவென்று தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பஸ்ஸில் ஏறிவிட்டு, ஞாயிறு மதியம் ஊட்டியில் 2 மணிக்குக் கிளம்பும் ரயிலில் மலையிறங்குங்கள். நீராவி இன்ஜின் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியில்தான்; பல்சக்கரப் பாதை கல்லாறு - குன்னூர் பகுதியில்தான். 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பதால் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்வரிசையைப் பற்றிக்கொண்டு, இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். குன்னூர் - ஊட்டிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் டீசல் இன்ஜின்தான். அதில் ஏறிவிட்டு "புகையே வரலையே" என்று கேட்டுப் பயனில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் மலை ரயில் பாதை அடிக்கடி மூடப்படும். அப்போது பஸ்ஸையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியென்றால் இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். கட்டணம் கிடையாது; வண்டி எண், ஆட்கள், தங்குமிடம், தேதி கேட்பார்கள். ஏப்ரல் - ஜூனில் வண்டிகளுக்குத் தினசரி வரம்பு உண்டு என்பதால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

சனி மதியம் சாப்பிட்டதும் புனித ஸ்டீபன் தேவாலயம். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், அதனால் சனிக்கிழமையே நல்லது. 1829-ல் அடிக்கல் நாட்டியது. கூரையின் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். ஊட்டியை நிறுவிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கல்லூரி என்பதால் வாயிலில் அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள்.

ஞாயிறு காலை தாவரவியல் பூங்கா. கூட்டம் சேரும் முன், திறந்த கையோடு போய்விடுங்கள். 1848-ல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் உருவாக்கியது. சரிவில் படிப்படியாக ஏறும். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தை (கல்லாக மாறிய மரத்தை) பார்க்காமல் வராதீர்கள். மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. மே மாத மலர்க் கண்காட்சி வாரங்களில் பழைய ஊரை நிதானமாகப் பார்க்க முடியாது. அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதியம் வெயில் சுட்டாலும் ஐந்து மணிக்கு மேல் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி விழும். ஊட்டியின் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கி வாங்குவதானால் ரயிலுக்குக் கிளம்பும் முன் அன்று சுட்டதாகப் பார்த்து வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். காகிதப் பொட்டலத்தில் வைத்தால் கீழே இறங்குவதற்குள் நமத்துப்போகும்.